சாட்சியில் விட்டுப்போன எட்டுத் தடவை

எங்கள் சபையில் சாட்சி சொல்ல நான்கு நிமிடம் தருவார்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு, இரண்டாம் பாட்டு முடிந்து காணிக்கைப் பை சுற்றி வருவதற்கு முன்னால். எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. ஆனாலும் ஐம்பது வருடமாகக் கேட்டு வருகிறவளுக்கு அதன் வரிசை தெரியாமல் போகுமா? முதலில் வந்த துன்பத்தைச் சொல்ல வேண்டும். அடுத்தது மனிதர் கைவிட்டது. பிறகு ஜெபம், பிறகு கர்த்தர் தொட்டது. கடைசியாக, இன்று எவ்வளவு சுகமாக இருக்கிறேன் என்று சொல்லி ஒரு ஸ்தோத்திரம். ஆஸ்பத்திரிக்கு இதில் இடமில்லை. வந்தால் 'மனிதர் கைவிட்டது' என்ற இடத்தில் ஒரு வரி தலைகாட்டிவிட்டுப் போகும்.

நான் தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். எந்த மனுவோடு எதை இணைக்க வேண்டும், எது எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், தூங்குவதை எழுப்ப எந்தச் சட்டப்பிரிவைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் இன்றைக்கும் தலைகீழாகத் தெரியும். படிவம் ஒன்று கையில் வந்தால் அதில் இருக்கும் கட்டங்களை நிரப்புவேன். இல்லாத கட்டத்தை நானாக வரைந்ததில்லை. சாட்சியையும் அப்படித்தான் நிரப்பினேன்.

"மார்பில் ஒரு கட்டி வந்தது. டாக்டர்கள் கைவிரித்தார்கள். சபையார் எனக்காக முழங்காலில் நின்றீர்கள். கர்த்தர் தொட்டார். டாக்டர்களே ஆச்சரியப்பட்டார்கள். இன்று உங்கள் முன்னால் பூரண சுகத்தோடு நிற்கிறேன்."

எந்த டாக்டரும் கைவிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. மதுரையில் இடது மார்பை எடுத்தார்கள். அதன்பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக எட்டுத் தடவை மருந்து ஏற்றினார்கள். கடைசி நாளில் என் டாக்டர் கணினித் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே, "மூணு மாசம் கழிச்சு செக்கப்புக்கு வாங்க" என்றார். அவ்வளவுதான் அவருடைய ஆச்சரியம்.

இந்த எட்டுத் தடவையும் சபையில் யாருக்கும் தெரியாது. கோயிலில் போடுகிற முக்காடு முடி போனதையும் மறைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்த வியாதிக்குப் பேர் சொல்ல மாட்டார்கள், 'அது' என்பார்கள். 'அது' இருக்கிற வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிப்பவர்களும் உண்டு. என் தம்பி ஜீப் ஓட்டுகிறவன். காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றி மேலே எங்கள் மலைக்குக் கொண்டுவருவது அவன் தொழில். என் மருந்து நாட்களில் மட்டும் விடிவதற்கு முன்பே என்னை ஏற்றிக்கொண்டு, கேரள எல்லையிலிருக்கும் கம்பம்மெட்டு வழியாகக் கீழே மதுரைக்கு இறங்குவான். கேட்டவர்களுக்கு "அக்கா மக வீட்டுக்குப் போயிருக்கு" என்று சொல்லிவைத்திருந்தான். போதகருக்கு 'சுகவீனம்' என்பது மட்டும் தெரியும். அவர் அதையே ஜெபக் குறிப்பில் வாசித்தார். ஆகவே நான் சாட்சி சொன்னபோது சபை அழுதது. நானும் அழுதேன். என் அழுகை மட்டும் படிவத்தைப் பார்த்து எழுதியதல்ல.

மூன்று மாதம் ஆனது. செக்கப்புக்குப் போகவில்லை.

இதைச் சொல்லாமல் மேலே எழுதிப் பயனில்லை. மறந்துவிட்டதால் அல்ல, பயந்துதான் போகவில்லை. வியாதி இருக்கும்போது இருந்த பயம் ஒரு மாதிரி. அதற்கு அடுத்த மருந்துத் தேதி என்று ஒரு எல்லை இருந்தது. முடிந்த பிறகு வந்த பயத்துக்கு எல்லையே இல்லை. லேசாக இருமினால் நுரையீரலுக்குப் போய்விட்டது. இடுப்பு பிடித்தால் எலும்பு. தலை வலித்தால் கேட்கவே வேண்டாம். காலையில் பல் தேய்க்கும்போது கை தானாக அக்குளுக்குப் போய் நெறி கட்டியிருக்கிறதா என்று தேடும். எதுவும் தட்டுப்படாவிட்டால், சரியான இடத்தில் தேடவில்லை என்று தோன்றும். இதற்கு மேல் இன்னொன்று. பூரண சுகம் என்று சபையில் சொல்லியாகிவிட்டது. ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் நான் கர்த்தரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பொய் சொல்ல வைத்தவள் ஆவேன். போகாமலே இருந்துவிட்டால் யாரும் பொய்யாக மாட்டார்கள். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ கோப்புகளை இதே நியாயத்தால் மேசைக்கடியில் தள்ளியிருக்கிறேன்.

நான்காவது மாதம், மழை பிடித்த ஒரு மாலையில், அவள் வந்தாள்.

எங்கள் சபைதான். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற தோட்டத் தொழிலாளர் லயத்தில், கடைசி வீட்டில் தனியாக இருக்கிறாள். கோயிலில் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் சுவரோரம் உட்காருவாள். இருபது வருடம் ஒரே கோயிலில் பாடியும் நாங்கள் பத்து வாக்கியம்கூடப் பேசிக்கொண்டதில்லை. மழைக்குத் தலையோடு போர்த்தியிருந்த பிளாஸ்டிக் கொங்காணியை வாசலிலேயே கழற்றி உதறிவிட்டு உள்ளே வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"ஆபீஸக்கா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடாதீக."

"உக்காரும்மா முதல்ல."

"நீங்க எத்தன நாளு உபவாசம் இருந்தீக?"

எனக்குப் புரியவில்லை. அவள் கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, தன் வலது மார்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அழுத்தவில்லை. சுடுகிற பாத்திரத்தைத் தொடுவதுபோல் வைத்துவிட்டு உடனே எடுத்தாள்.

"எனக்கும் அதுதான். ஈஸ்டருக்கு முன்னாடியே. தோட்டத்து டிஸ்பென்சரில பாத்துட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு ஒரு சீட்டு எழுதித் தந்தாக. போலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஒங்க சாட்சி. சீட்ட அடுப்புல போட்டுட்டேன். நானும் இருவத்தோரு நாளு இருந்துட்டேன்க்கா. கொறையல. அதான், நீங்க எத்தன நாளுன்னு..."

வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சீட்டை நானே அடுப்பில் போட்டதுபோல் இருந்தது. முதன்முதலில் எனக்குப் பரிசோதனை முடிவு வந்த நாளில்கூட இப்படி இல்லை. அன்று போகவிருந்தது என் உயிர் மட்டும்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். அறுத்தது, எட்டுத் தடவை ஏற்றியது, முடி போனது, தம்பியின் ஜீப், மகள் வீடு என்ற பொய். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். முடித்ததும் சிரித்தாள்.

"உபவாச நாளு எல்லாருக்கும் தெரிஞ்சா மேட்டிம ஆயிரும்னு மறைக்கீக. புரியுதுக்கா."

"இல்லம்மா. சத்தியமாச் சொல்றேன். ஆஸ்பத்திரிதான்."

"சபைல நின்னு சொன்னதுதான சாட்சி. வீட்டுல சொல்லுறது பேச்சு." வாசலுக்குப் போய்க் கொங்காணியைப் போட்டுக்கொண்டாள். "என் விசுவாசத்த நீங்க சோதிக்க வேண்டாம். ஒங்களுக்குக் கெடச்சது எனக்கும் கெடைக்கும். நாள மட்டும் சொல்ல மாட்டேங்கீக."

சட்டையை விலக்கி வடுவைக் காட்டட்டுமா என்று கேட்கலாமென்று எனக்குத் தோன்றியபோது அவள் மழைக்குள் இறங்கிவிட்டிருந்தாள். காட்டியிருந்தால் தழும்பையும் அற்புதத்தின் கணக்கில் சேர்த்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாளே போதகரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். முட்டிவலிக்காரர். எதைக் கேட்டாலும் முதலில் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

"ஐயா, என் சாட்சியில கொஞ்சம் திருத்தணும். வர்ற ஞாயிறு நாலு நிமிசம் வேணும்."

"என்ன திருத்தம்?"

சொன்னேன். அவர் மேசை விரிப்பின் நுனியை மடித்து நீவினார்.

"சாட்சியைத் திருத்துற வழக்கம் நம்ம சபையில இல்லையேம்மா."

"பிறந்த தேதியைத் திருத்தலாம், ஐயா. பட்டாவைத் திருத்தலாம். செத்துப் போனதாப் பதிவான ஆள உயிரோட இருக்கார்னு திருத்தின கை இது."

"அதெல்லாம் அரசாங்கம். நீங்க இப்ப எழுந்து 'கர்த்தர் தொடல, மருந்துதான்'னு சொன்னா, சாட்சி சொன்ன அத்தனை பேரையும் ஜனங்க சந்தேகப்படுவாங்க."

"கர்த்தர் தொடலன்னு சொல்லலையே. மருந்தாலயும் தொட்டார்னுதான்..."

"நாலு நிமிசத்துல அதை விளக்க முடியாதும்மா" என்றார். அதில் அவர் சொன்னது சரிதான்.

அவள் விஷயத்தையும், அவரோடு இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, சொன்னேன். அவர் முகம் மாறியது. தனியாகப் போய்ப் பேசுகிறேன் என்றார். போய்ப் பேசவும் செய்தார். "ஐயாவும் என் விசுவாசத்த சோதிக்கார்" என்று அவள் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்து அனுப்பினாளாம்.

அந்த வாரங்களில் ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாவது வரிசைச் சுவரோரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். வந்திருக்கிறாளா? முகம் வற்றியிருக்கிறதா? வலது கையைப் பாட்டுக்கு உயர்த்துகிறாளா, இடது கையை மட்டுமா? ஒரு ஞாயிறு இரண்டு கையும் உயர்த்தவில்லை. ஆராதனை முடியும்வரை என் வாய் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

பஞ்சாயத்து நடத்தும் கலைக் கண்காட்சியின் விண்ணப்பப் படிவம் கைக்கு வந்தது இப்படிப்பட்ட நேரத்தில். வாசகசாலையில் பத்திரிகை பார்க்கப் போனவளிடம், மேல்நிலைப் பள்ளியின் ஓவிய ஆசிரியை, "மேடம், ஒரு தப்பு இல்லாம இதப் பூர்த்தி பண்ணித் தரணும்" என்று படிவக் கட்டு ஒன்றை நீட்டினார். மலையாளம் தாய்மொழி, எங்களோடு பேசும்போது தமிழையும் அதையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுவார். படிவத்தில் ஐந்தாவது கட்டம்: 'படைப்பின் வகை: ஓவியம், சிற்பம், இன்ஸ்டலேஷன், பிற.'

"டீச்சர், இந்த இன்ஸ்டலேஷன்னா என்ன?"

"ஒரு அறை முழுக்க சாதனங்கள் வைக்கும். ஆளுகள் உள்ளே நடந்து பார்க்கும். வரையணும்னு நிர்பந்தம் இல்ல."

"வரையத் தெரியாதவங்களும் போடலாமா?"

"சேச்சி, அதானே அதோட சௌகரியம்!" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. சபையில் திருத்த முடியாததை வைக்க ஒரு பொது இடம், அதுவும் பஞ்சாயத்து முத்திரையோடு. கட்டிலிருந்து எனக்கென்று ஒரு படிவத்தை உருவி, ஐந்தாவது கட்டத்தில் இன்ஸ்டலேஷனுக்குக் குறியிட்டேன். 'படைப்பைப் பற்றிய சிறு குறிப்பு' என்ற இடத்தில் 'சாட்சியில் விட்டுப்போனவை' என்று எழுதினேன்.

இடமாக, சாலையோரத்தில் பூட்டிக் கிடந்த பழைய ஏலக்காய் ஸ்டோரைக் கொடுத்தார்கள். ஏலக்காயைச் சூடு போட்டு உலர்த்துகிற அறை அது. சன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் மரச்சட்டம், அதில் அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள், நடுவில் ஓர் ஆள் நடக்கும் வழி. கதவைத் திறந்ததும் அந்த வாசனை அடித்தது. ஊருக்கே சோறு போடுகிற வாசனை. மருந்து ஏறிய நாட்களில் அதை முகர்ந்தாலே எனக்குக் குடல் வாய்க்கு வரும். எங்கள் ஊரில் அதை முகராமல் மூச்சுவிட முடியாது. வாசலில் நின்றபோதே குமட்டல் வந்தது, கடைசி மருந்து ஏறி ஐந்து மாதத்துக்குப் பிறகும். இந்த அறைதான் என்று டீச்சரிடம் சொன்னேன்.

நான் எதையும் வீசி எறிகிறவள் அல்ல. ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டில் கட்டிய அடையாளப் பட்டையைக் கத்தரித்துத் தேதி போட்டு வைத்திருந்தேன். எட்டுத் தட்டை ஒழித்து, ஒரு தட்டுக்கு ஒரு தடவை என்று வைத்தோம். முதல் நான்கில் சிவப்பு மருந்து. அது ஏறிய பிறகு சிறுநீரே சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சொல்லியும் முதல் தடவை கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை எப்படிக் காட்டுவது என்று டீச்சர் கேட்டார். சின்னக் கண்ணாடிக் குப்பியில் செம்பருத்தித் தண்ணீர் வைத்தோம். இரண்டாவது தட்டில் என் முடி. தலையணை உறையிலிருந்து பொறுக்கி ஒரு பழுப்பு உறையில் போட்டு வைத்திருந்தது. டீச்சர் அதை உறையிலிருந்து எடுத்து வலையின் மேல் பரப்பினார். ஏலக்காயைப் பரப்புகிற அதே மாதிரி. அதன் பிறகு, வளைவுகளில் குமட்டாமல் இருக்க ஜீப்பில் நான் சப்பிய எலுமிச்சையின் காய்ந்த தோல். வாய்ப்புண்ணுக்கு மாற்றி மாற்றிக் கொப்பளித்த புட்டிகள். ஆறாவதிலும் ஏழாவதிலும் கறுத்துப் போன நகங்களை வெட்டியது. எட்டாவது தட்டில் பட்டையைத் தவிர வைக்க எதுவும் இல்லை. அதற்குள் நான் எதையும் கவனிக்காதவள் ஆகியிருந்தேன். காலியாகவே இருக்கட்டும் என்றார் டீச்சர்.

அப்புறம் ஒலி. சபையில் ஆராதனையை ஒலிப்பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். என் நான்கு நிமிடமும் அதில் இருந்தது. அதை வெட்டியெடுத்து, ஒரு சின்ன ஒலிபெருக்கியில், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்படி ஓடவிட்டோம். தட்டுகளைப் பார்த்தபடி நடப்பவர் காதில் என் குரல், "டாக்டர்களே ஆச்சரியப்பட்டார்கள்... பூரண சுகத்தோடு நிற்கிறேன்..." என்று சொல்லும். ஒத்திகை பார்க்க நான் ஒருதரம் நடந்தேன். நான்காவது தட்டில் நிற்கும்போதே சாட்சி முடிந்து, சபை ஸ்தோத்திரம் சொல்லி, மறுபடி தொடங்கிவிட்டது. அந்தக் குரல் யாருடையது என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. அவ்வளவு உறுதியாகப் பேசுகிறவளை இதற்கு முன் எங்கேயும் பார்த்த நினைவில்லை.

தம்பி வந்து பார்த்தான். இடுப்பில் கைவைத்து நின்றான்.

"ஏக்கா, எட்டு மாசம் ஊரெல்லாம் பொய் சொல்ல வச்சு, இப்ப வெளக்கு போட்டுக் காட்டுதியா? ஸ்டோர்ல வேற வச்சிருக்க. தரம் பிரிச்சு ஏலம் விடப் போறாகளா நம்ம வியாதிய?"

"யாரும் கேக்க மாட்டாங்கடா."

"மக வீட்டுக்குப் போயிருக்கான்னு நான் சொன்னதையும் ஒரு தட்டுல வச்சிருக்கலாம்ல. எட்டாவது காலியாத்தான கெடக்கு" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜீப்புக்குப் போனான்.

முதல் நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் வந்தார்கள். இரண்டாம் நாள் ஆராதனை முடிந்து போதகர் தனியாக வந்தார். முட்டியைப் பிடித்தபடி எட்டுத் தட்டையும் நின்று நின்று பார்த்தார். என் சாட்சி மூன்று முறை ஓடி முடிந்தது. வெளியே வந்ததும் ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொறைச்சு வையுங்கம்மா" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "மாதர் சங்கத்தைச் சாயங்காலம் அனுப்புறேன். அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

அனுப்பினார். பதினைந்து பெண்கள், குடைகளை வாசலில் சாத்திவிட்டு, ஒருவர் முதுகை ஒருவர் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒருத்தி, "ஏ, பாத்துப் போங்கடி, ஏலக்காயக் காயப் போட்டாப்ல ஆஸ்பத்திரியக் காயப் போட்டுருக்காக" என்றாள். சிரித்தார்கள். இரண்டாவது தட்டருகே சிரிப்பு நின்றது. அதன்பிறகு என் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ விசும்பினார்கள். யாரோ "எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார்கள்.

அவள் வரிசையின் கடைசியில் இருந்தாள். கதவின் இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடியைப் பார்த்தாள். அவள் கை தன் கொண்டைக்குப் போனது. சிவப்புக் குப்பியருகே என்ன என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். அந்தப் பெண் தட்டில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்து இவள் காதில் சொன்னாள். நகங்கள் கிடந்த தட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அவளுடைய வலது கை முழங்கைவரை வீங்கியிருந்ததை நான் அப்போதுதான் கண்டேன். நம்பிவிட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அந்தக் கணத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுகணம் அவள் முன்னால் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். என்னைக் கண்டதும் பின்வாங்கினாள்.

"இவ்வளவுமா?" என்றாள். "இவ்வளவும் பண்ணுவாகளா? எனக்கு வேண்டாம்க்கா. எம் புருசன் நடந்துதான் போனாரு ஆஸ்பத்திரிக்கு. பொணமா ஆம்புலன்சுல கொண்டாந்து போட்டாக. நான் இப்பிடியே இருந்துட்டுப் போறேன்."

குடையைக்கூட எடுக்காமல் போனாள்.

டீச்சர் என் தோளில் கை வைத்தார். நல்ல இன்ஸ்டலேஷன் என்றால் ஆளை உலுக்கும் என்று ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. முதலில் பொய் சொல்லி அவளை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் செய்தேன். இப்போது உண்மையைச் சொல்லி அதையே செய்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் எனக்குத் தெரியாத நடைமுறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பயந்த ஒருத்தியை என்ன செய்வது என்பது.

மறுநாள் காலை, அவளுடைய குடையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவள் வேலைக்குப் போயிருக்கவில்லை. அடுப்பருகே பலகையில் உட்கார்ந்திருந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். மடக்கிய கால் மரத்துப் போகிற வயது. தொடங்கத் தெரியாமல் குடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"சொல்ல வந்ததச் சொல்லுங்க. அப்புறம் போங்க" என்றாள்.

"எனக்கு செக்கப்புக்குத் தேதி குடுத்து அஞ்சு மாசம் ஆச்சு. நான் போகல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் போகல?"

"பயம்."

"ஒங்களுக்கா?"

"எனக்குத்தான். ராத்திரி இருமல் வந்தா காலைல வரைக்கும் எண்ணிக்கிட்டு இருக்கேன். ஸ்டோர்ல எல்லாத்தையும் வச்சேனே, அதெல்லாம் முடிஞ்சு போனது. முடியாதத ஒரு தட்டுலயும் வைக்கல. வைக்கத் தைரியம் வரல."

அவள் விறகை உள்ளே தள்ளினாள். பிறகு, எதிர்பாராத விதமாக, கோபப்பட்டாள்.

"இம்புட்டுப் படிச்சிருக்கீக. எல்லாருக்கும் மனு எழுதிக் குடுக்கீக. என்னையப் போ போன்னு உயிர வாங்குனீக. தான் மட்டும் போகாம இருந்தா என்ன அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்ல."

"அறுத்ததெல்லாம் வீணாப் போகாதா?"

"போகும்."

"கூறு கெட்டவுகளா நீங்க?" என்றாள். என்னை யாரும் அப்படிக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எப்பப் போகணும்?"

"எது?"

"ஒங்க செக்கப்பு. தனியாப் போக பயம்னா நான் கூட வாரேன். எனக்கு என்ன, இந்தக் கையோட காய் எடுக்கவும் முடியல." அதன்பின் மிகத் தணிந்து, "போன எடத்துல எனக்கும் பாக்கச் சொன்னா பாப்பாகளா?" என்றாள்.

பார்ப்பார்கள் என்றேன். எந்த சீட்டு வேண்டும், எந்த வாசல், எந்தக் கட்டடம் என்று சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை தம்பியின் ஜீப்பில் இறங்கினோம். கம்பம்மெட்டில் செக்போஸ்ட்காரர் எட்டிப்பார்த்து, "என்ன, மக வீட்டுக்கா?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரிக்கு" என்றான் தம்பி. வளைவுகளில் அவள் வாந்தியெடுத்தாள். எனக்கும் அவளைப் பார்த்து வந்தது. மதுரையில் அவளுக்குப் படம் எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். எனக்கு ஸ்கேன், ரத்தம். முடிவுக்கு அடுத்த வியாழன் வரச் சொன்னார்கள்.

அந்த ஏழு நாளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் சொல் வரவில்லை. தினமும் மாலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். டீ குடித்தோம். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் நான் இருமினேன்; அவள் டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். புரை ஏறிவிட்டது என்று சொன்னேன். அவள் தலையசைத்தாலும் நம்பவில்லை.

அடுத்த வியாழன் அவள் டோக்கன் எண்ணைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். தனியாகப் போனாள். பத்து நிமிடத்தில் ஒரு தாளோடு வெளியே வந்து, அதை என் கையில் கொடுத்தாள். உள்ளே டாக்டர் சொல்லியிருப்பார். அவள் கேட்டாளா, கேட்டு ஏற்றாளா என்று தெரியவில்லை. தாளில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தை. அவள் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் எதையும் காட்டாமல் பழக்கிய முகம். அன்று அது சொன்னபடி கேட்கவில்லை.

"அதுதானே?" என்றாள்.

"அதுதான். அக்குளுக்கு வந்திருக்கு. அதுக்கு அப்பால போகல. முதல்ல மருந்து, அப்புறம் ஆபரேசன். திங்கக்கிழமை தொடங்கலாம்னு எழுதியிருக்கு."

"எட்டு?"

"எட்டு."

சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. ஜெபமா, எண்ணிக்கையா, தெரியவில்லை. என் தம்பி சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து, "ரெண்டு பேரும் காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல. அவுகளாவது சாப்பிடட்டும், முடிஞ்சிருச்சில்ல" என்றான்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்ன முடிஞ்சிருச்சு? அக்காவுது வரல இன்னும்." பொட்டலத்தை வாங்கிப் பிரிக்காமல் பக்கத்து இருக்கையில் வைத்தாள். வீங்காத கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் சில்லென்றிருந்தது. பிடியை இறுக்கினாள்.

சுவரில் எண்கள் ஒவ்வொன்றாக மாறின. எனக்கு முன்னால் இரண்டு பேர். பிறகு ஒருவர். அந்த ஒருவர் நெடுநேரம் உள்ளேயே இருந்தார்.